கடலுக்கடியில் ரோஸ் சர்பத்

அன்றைக்குப் பர்மாக் கடல் முகத்துவாரத்தில் அந்த மணல்திட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். தண்ணீர் ஆபீஸ் சயாமா, அதாவது டீச்சரம்மா, மண்ணையும் நீரையும் பற்றிப் படித்தவர், எங்களுக்கு அதிகாரி, என்னைவிட வயதில் இளையவர். காசிம் காக்கா, போட்டாதாங் ஜெட்டியில் படகும் கிட்டங்கியும் வைத்திருந்தவர். எங்களை ஏற்றிவந்த படகும் அவருடையது, தண்ணீர் டிரம்களும் அவருடையவை. கோ ஜோ, பைப் இறக்குகிறவன், வாயில் எப்போதும் வெற்றிலை. ஊ போ, முகத்துவாரத்தில் வலை கட்டும் மீன்காரர். அப்புறம் நான், பம்ப் என்ஜின் ஆள், மணி.

இதை இத்தனை துல்லியமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்றைக்கு ஜெட்டி டீக்கடையில் போய்க் கேட்டால் அந்தத் திட்டில் தாங்களும் நின்றதாக நாற்பது பேர் சொல்வார்கள். நம்பாதீர்கள். நாற்பது பேர் நின்றிருந்தால் திட்டு மூழ்கியிருக்கும்.

குழாய்க்கிணறு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கச்சிகளே, உங்களில் பலருக்குத் தமிழ் காதில் ஏறும், வாயில் இறங்காது என்று எனக்குத் தெரியும். வீட்டில் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் உட்கார்ந்து எழுதுகிறேன், நீங்கள் கேட்டால் போதாதா. பைப்பை எப்படி இறக்குவது, வாஷரை எப்படி மாற்றுவது என்பதெல்லாம் இதில் கிடையாது. அதை உங்கள் மேஸ்திரி திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுப்பார். தண்ணீர் கிடைத்த சந்தோஷத்தில் தலை சுற்றும்போது என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தர மாட்டார்கள். அதற்குத்தான் இது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை. ஷ்வேப்யிதாவில் தொழிற்சாலைகளுக்குக் குழாய்க்கிணறு போட்டுக்கொண்டிருந்த என்னைச் சயாமா கடல் பக்கம் இழுத்துவந்திருந்தார். ஆற்றுக்கு அக்கரையில் சித்திரை மாதம் வந்தால் சனங்கள் குளத்தடியில் குடத்தோடு வரிசையில் நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சயாமாவின் எண்ணம் இதுதான்: கடல் எப்போதும் இப்போது நிற்கிற இடத்திலேயே நின்றதில்லை. அது வெளியே தள்ளி நின்ற காலத்தில் பழைய ஆறுகள் மணலில் விட்டுப்போன நல்ல தண்ணீர், மேலே களிமண் மூடிக்கொண்டதால், இன்னும் கடலுக்கடியில் கிடக்கலாம். நம் பேரப்பிள்ளைகள் குடிக்க அது உதவலாம்.

ஆபீஸில் பெரியவர்கள் சிரித்தார்கள். தண்ணீருக்கு நடுவில் போய்த் தண்ணீர் தேடுகிறாள் என்று பேச்சு. இன்னும் ஒரே ஒரு துளை, அதிலும் உப்புதான் என்றால் கடல் பக்க வேலையை மூடிவிட்டு உங்களை மேட்டுநிலத்துக்கு மாற்றிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஒரே துளையை எங்கே போடுவது? விசாரித்துவரச் சயாமா என்னை அனுப்பினார்.

ஊ போவை அப்போதுதான் முதலில் பார்த்தேன். அவர் பெயர் போ, ஊ என்பது ஐயா, கோ என்பது அண்ணன் என்கிற மாதிரி மரியாதை. தமிழ் வாய்க்குக் கஷ்டமான பெயர். "போ, இங்க வாங்க" என்று காக்கா கூப்பிடும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். நான் அவரிடம், உங்கள் திட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவர் வலையைப் பிரித்துக்கொண்டே ஒரே சொல்லில் பதில் சொன்னார். அவர் சொன்னது யேஙான். பர்மா மொழியில் அதற்கு உப்புத் தண்ணீர் என்று பொருள். என் காதில் விழுந்தது யேகான். யேகான் என்றால் குளம்.

சிரிக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் ங என்று ஓர் எழுத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த எழுத்தில் ஆரம்பிக்கிற ஒரு சொல்லைக்கூடச் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுப்பதற்குள் நான்தான் நின்றுவிட்டேனோ என்னவோ. ங என்பதை என் காது க என்றுதான் எடுக்கும், என் நாக்கு க என்றுதான் கொடுக்கும்.

ஆக, சயாமாவிடம் வந்து சொன்னேன்: "திட்டுக்கடியில் யேகான் இருக்கிறதாம், சயாமா. மீன்காரர் சொல்கிறார்."

"கடலுக்கடியில் குளமா? அவரே சொன்னாரா?"

"அவரே சொன்னார்."

சயாமா நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்து உட்கார்ந்தார். அவருடைய எண்ணத்துக்குக் கடலிலிருந்தே சாட்சி கிடைத்துவிட்டது. அந்த ஒரே துளை அந்தத் திட்டில்தான் என்று முடிவாயிற்று.

நீர்மட்டம் இறங்கும் நேரம் பார்த்து விடியற்காலை போட்டாதாங்கிலிருந்து கிளம்பினோம். பைப்கள், என்ஜின், எட்டு டிரம் நல்ல தண்ணீர், ஓர் அண்டா நிறைய டான்பவுக். பிரியாணி இல்லாமல் காக்கா ஆற்றைத் தாண்டமாட்டார். வழியெல்லாம் நான் கவலைப்பட்டுக்கொண்டே வந்தேன். கயிறு போதுமா, டீசல் கசிகிறதா, திட்டில் பாம்பு இருக்குமா, அண்டா மூடி சரியாக இருக்கிறதா. கேட்டுக் கேட்டுச் சயாமாவுக்கே பொறுக்கவில்லை.

"கோ மணி, உங்கள் கவலையை எல்லாம் வரிசையில் நிறுத்துங்கள். முதலில் நிற்கிற ஒன்றை மட்டும் என்னிடம் சொல்லுங்கள்."

"முதலில் எது நிற்கிறது என்றுதான் கவலை, சயாமா."

திட்டில் ஊ போ காத்துக்கொண்டிருந்தார். நாங்கள் இறக்கின சாமான்களைப் பார்த்துவிட்டு, எதற்கு இதெல்லாம் என்று கேட்டார். நீங்கள் சொன்ன குளத்தைப் பார்க்க வந்திருக்கிறோம் என்றார் சயாமா.

"எந்தக் குளம்?"

"யேகான். இதற்கடியில் இருக்கிறது என்றீர்களே."

"நான் எங்கே யேகான் என்றேன்? யேஙான் என்றேன். கடலுக்கடியில் வேறென்ன இருக்கும், டீயா?"

நால்வரும் என்னைப் பார்த்தார்கள். சயாமா மெதுவாக, "சொல்லுங்கள், கோ மணி. உப்புத் தண்ணீர்," என்றார். சொன்னேன். "இப்போது குளம்." அதையும் சொன்னேன். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. கோ ஜோ வெற்றிலையைத் துப்பிவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டான், சிரிக்க வசதியாக. அடுத்து காக்கா. கடைசியில் சயாமாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடல் பக்க வேலை போகப்போகிற ஒருவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"திரும்பிடலாமா, சயாமா?" என்றேன்.

"எதற்கு? நீங்கள் தப்பாகக் கேட்டதால் மண் மாறிவிடுமா? வந்த இடத்தில் துளை போடுவோம். இறக்குங்கள்."

ஊ போவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. இதிலிருந்து யேஜோ, அதாவது குடிக்கிற நல்ல தண்ணீர், வந்தால் நான் இருநூறு சாட் தருகிறேன் என்றார். யேஜோ என்றால் சொல்லுக்குச் சொல் இனிப்புத் தண்ணீர். காக்கா விடுவாரா? "யேஙான் வந்தா நான் தர்றேன், இருநூறு. மணி, நீ சாட்சி. உன் காதை நம்பி இல்ல, கண்ணை நம்பிச் சொல்றேன்."

துளை போட்டோம். பைப்புக்குள் தண்ணீரை வேகமாக அடித்தால் அடியில் மணல் கரைந்து பைப் இறங்கும், உங்களுக்குத் தெரிந்ததுதான். கடல் தண்ணீரை அடித்தால் பின்னால் வருவது எந்த உப்பு என்று குழம்பும் என்பதால் சயாமா நல்ல தண்ணீர் டிரம்களைக் கேட்டிருந்தார். கோ ஜோ டிரம்மின் சின்ன மூடியைத் திறந்து ஹோஸை விடுவான், நான் என்ஜினை ஓட்டுவேன். பக்கத்தில் டீசல் புகை. களிமண்ணைத் தாண்டி, மணலில் இறங்கி, பைப் நின்றது. பிறகு பம்ப்பைத் திருப்பி மாட்டி உறிஞ்ச ஆரம்பித்தோம். கலங்கலாக வந்தது, தெளிந்தது.

கோ ஜோதான் முதலில் கையில் ஏந்திக் குடித்தான். கண்ணை மூடினான். திறந்தான்.

"யேஜோ," என்றான். "நிஜமாகவே ஜோ. இனிக்கிறது."

சயாமா குடித்தார். உப்பு அளக்கும் மீட்டரைத் தண்ணீரில் விட்டார், உப்பே இல்லை என்று முள் படுத்துவிட்டது. அவர் கன்னத்தில் பூசியிருந்த தனக்கா, மரப்பட்டையை அரைத்த பூச்சு, கண்ணீரில் கரைந்து இரண்டு கோடாக இறங்கியது. காக்கா ஊ போவின் தோளில் கைபோட்டு, "போ, எடு இருநூறு," என்றார். ஊ போ ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "வாசனையாக வேறு இருக்கிறதே," என்று கடலைப் பார்த்தார். அவர் பிறந்ததிலிருந்து பார்க்கும் கடல், அவரிடம் சொல்லாமல் எதையோ வைத்திருந்த மாதிரி. கோ ஜோ ஆட ஆரம்பித்தான். காக்கா அண்டாவைத் திறந்தார். நானும் குடித்தேன். எனக்கும் தலை கிறுகிறுத்தது. சந்தோஷத்துக்கு நடுவில், பழக்கதோஷம், ஒரு கவலை வந்து வரிசையில் முதலில் நின்றது.

"சயாமா," என்றேன். "யேஜோ என்று சொல்வது பேச்சுக்குத்தானே? நிஜமாக இனிக்கலாமா?"

நான் தம்ளரை மூக்கருகே கொண்டுபோனேன்.

"ரோஜாப்பூ வாசனை அடிக்கிறது. கடலுக்கடியில் ரோஜா ஏது?"

சயாமா தம்ளரை மறுபடி முகர்ந்தார். மெல்லத் திரும்பிக் காக்காவைப் பார்த்தார். காக்கா அண்டாவைப் பார்த்தார்.

"காக்கா, டிரம் ஏது?" என்று கேட்டேன்.

"கிட்டங்கி டிரம்தான்."

"அதுல முன்னாடி என்ன இருந்துச்சு?"

"லத்தாவுல பலூடாக் கடைக்கு ரோஸ் சர்பத் குடுக்கிறோம்ல, அது. கழுவிட்டேன்பா."

"எத்தன தடவ?"

"ஒரு தடவ. அதுக்கு மேல கழுவினா தண்ணிச் செலவு."

கடலுக்கடியிலிருந்து என்று நாங்கள் இறைத்தது, நாங்களே காலையில் ஊற்றின தண்ணீர். அதற்குத்தான் ஆடினோம், அதற்குத்தான் அழுதோம். ஊ போ, "அப்படியானால் என் இருநூறு?" என்றார். மறுபடியும் ஒரு சிரிப்பு கிளம்பியது. இந்தத் தடவை அதில் கொஞ்சம் அழுகையும் இருந்தது.

இங்கேதான், பிள்ளைகளே, நீங்கள் கவனிக்க வேண்டும். மீட்டர் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று சொல்லும். அது யாருடைய தண்ணீர் என்று சொல்லாது. அதை ஓர் ஆள்தான் கேட்க வேண்டும். சந்தோஷமாக இருக்கும்போது கேட்க வேண்டும், ஏனென்றால் துக்கமாக இருக்கும்போது எல்லாரும் கேட்பார்கள்.

சயாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்லதாகப் போயிற்று," என்றார். எங்களுக்குப் புரியவில்லை. "சாதாத் தண்ணீராக இருந்திருந்தால் நம் தண்ணீர் எப்போது முடிந்தது என்று தெரிந்திருக்காது. இப்போது தெரியும். ரோஜா போகும் வரை இறையுங்கள். ரோஜா போன பிறகு வருவதுதான் கடலுடைய தண்ணீர்."

காக்கா நெஞ்சை நிமிர்த்தினார். "பாத்தியா மணி, எல்லாம் ஒரு திட்டத்தோடதான் கழுவாம விட்டேன்."

இறைத்தோம். அதற்குள் கடல் திரும்ப ஏற ஆரம்பித்துவிட்டது. திட்டு சுற்றிலும் சுருங்கிக்கொண்டு வந்தது. என்ஜின் நனைந்தால் அவ்வளவுதான். பைப்பின் வாய் மூழ்கினால் மேலிருந்து கடல் உள்ளே இறங்கும், துளையே கெட்டுப்போகும். விட்டுவிட்டுப் போகலாம் என்று காக்கா சொன்னார். சயாமா என்னைப் பார்த்தார். என்ஜின் என் பொறுப்பு. என் மனசில் அப்போது நின்ற வரிசை ஜெட்டி வரை நீளும். ஆனால் முதலில் நின்றது ஒன்றுதான்: இப்போது போனால் நாம் ஊற்றினதைக் குடித்துவிட்டு வந்ததாகத்தான் ஆபீஸில் எழுத முடியும்.

"என்ஜினைப் படகில் ஏற்றிவிடலாம்," என்றேன். "பைப்புக்கு மேல் இன்னொரு பைப் மாட்டினால் வாய் மூழ்காது. ஹோஸ் எட்டும். கயிறுதான் போதுமா என்று..."

"போதும்," என்றார் சயாமா. கோ ஜோ அதற்குள் பைப்பைத் தோளில் தூக்கியிருந்தான்.

கொஞ்ச நேரத்தில் திட்டு இல்லை. நாலு பக்கமும் கடல். நடுவில் ஒற்றைப் பைப் நீட்டிக்கொண்டு நிற்கிறது, அதில் கட்டின படகில் நாங்கள் ஐந்து பேர், படகில் உட்கார்ந்துகொண்டு கடலுக்கடியிலிருந்து தண்ணீர் இறைத்துக் கடலில் ஊற்றுகிறோம். யாராவது தூரத்திலிருந்து பார்த்திருந்தால் எங்களைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள் என்று கோ ஜோ கேட்டான். அவ்வளவுதான், யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. படகு குலுங்கியதில் பாதி அலையால், பாதி எங்களால்.

இப்போது ரோஜா இருக்கிறதா இல்லையா என்று யார் சொல்வது? காக்கா தன் மூக்கைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். அவர் தாடியில் அத்தர். தள்ளினோம். கோ ஜோ வாயில் வெற்றிலை. தள்ளினோம். ஊ போ கையில் நாளெல்லாம் மீன். சயாமா தன் கன்னத்தைத் தொட்டுக்காட்டினார். தனக்கா வாசனை. மிச்சம் நான்.

எனக்கு என் மேலேயே நம்பிக்கை கிடையாது. முகர்ந்தேன். ரோஜா இருக்கிற மாதிரி இருந்தது. ரொம்ப நேரம் கழித்து முகர்ந்தேன். அப்போதும் இருக்கிற மாதிரி இருந்தது. "இன்னும் லேசாக," "இன்னும் ஒரு பொட்டு," என்று சொல்லிக்கொண்டே போனேன். டீசல் குறைந்துகொண்டே போனது.

"அவனக் கேட்டா மறுமை நாள் வரைக்கும் ரோஜா இருக்கும்," என்றார் காக்கா. "கவலைப்படறவன் மூக்கு அது."

உண்மைதான். கவலைக்கு ஆரம்பிக்கத் தெரியும், நிறுத்தத் தெரியாது. அதனால்தான் சயாமா செய்ததை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். என்னை முதுகைக் காட்டித் திரும்பி நிற்கச் சொன்னார். வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுவந்திருந்த குடிதண்ணீர் ஒரு தம்ளரில், பம்ப் தண்ணீர் ஒரு தம்ளரில். "எதில் ரோஜா என்று மட்டும் சொல்லுங்கள். இருக்கிறதா என்று கேட்கவில்லை. எதில்?"

முதல் தடவை சரியாகச் சொன்னேன். இறைத்தோம். அடுத்த தடவையும் சரி. இறைத்தோம். படகு இழுத்து இழுத்துக் கயிறு முனகியது. மூன்றாவது தடவை இரண்டையும் மாறி மாறி முகர்ந்தேன். வியர்த்துவிட்டது. நிச்சயமாக இடது கையில்தான் ரோஜா என்று தோன்றியது.

"இடது," என்றேன்.

சயாமா என் இடது கைத் தம்ளரை வாங்கிக்கொண்டார். "அது என் பிளாஸ்க்."

கைதட்டினார்கள். ஊ போ கூட. காலையில் ஒரு தப்பு செய்து எல்லாரையும் கடலுக்கு இழுத்துவந்தவன், சாயங்காலம் ஒரு தப்பு செய்து கைதட்டு வாங்கினேன். அதற்கப்புறமும் இரண்டு தடவை இடத்தை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார். நான் சரியாகவும் சொன்னேன், தப்பாகவும் சொன்னேன், அதாவது எனக்குத் தெரியவில்லை. ரோஜா போய்விட்டது. வருவது இனி கடலுடையது.

எல்லாரும் தம்ளரை நீட்டினோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு குடித்தோம். இந்தத் தடவை யாரும் ஆடவில்லை.

"யேஙான்," என்றார் ஊ போ. "உப்பு இருக்கிறது."

"எங்க இருக்கு உப்பு?" என்றார் காக்கா. படகுக்கு வெளியே கையை விட்டுக் கடல் தண்ணீரை அள்ளி வாயில் விட்டுக்கொண்டு, முகத்தைச் சுளித்துத் துப்பினார். பிறகு தம்ளரை ஒரே மடக்கில் காலி செய்தார். "இதுதான் உப்பு. அது சப்பத் தண்ணி. எங்க வாப்பா ஊர்ல மூணு தண்ணி: நல்ல தண்ணி, சப்பத் தண்ணி, உப்புத் தண்ணி. சப்பத் தண்ணி குடிச்சுத்தான் எங்க வாப்பா கப்பலேறி இங்க வந்தாரு. செத்தா போனாரு?"

சயாமா மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முள் கடலுக்கும் பிளாஸ்குக்கும் நடுவில் நின்றது. அவர் அதை மூடிவைத்துவிட்டு, ஈரப் பாவாடையோடு பலகையில் உட்கார்ந்தார். "கோ மணி, காக்கா சொன்ன அந்தச் சொல்லைச் சொல்லுங்கள்."

"சப்ப."

"சப்ப," என்றார். முதல் தடவையே சுத்தமாக வந்தது. அதில் ங இல்லை. "நாலு பக்கமும் கடல், மேலேயும் கடல், அடியில் சப்ப. அப்படியென்றால் எங்கிருந்தோ நல்ல தண்ணீர் வந்து இதில் கலந்திருக்கிறது. குளம் இங்கே இல்லை. ஆனால் பக்கத்தில் இருக்கிறது." சொல்லிவிட்டு டான்பவுக்கை அண்டாவிலிருந்தே எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார். அவ்வளவு பசியோடு ஓர் அதிகாரி சாப்பிட்டதை நான் அதற்கப்புறம் பார்த்ததில்லை.

ஆபீஸில் பெரியவர்களுக்கும் அது புரிந்தது. உப்பு என்று மூடவும் முடியவில்லை, நல்ல தண்ணீர் என்று கொண்டாடவும் முடியவில்லை. அதனால் இன்னும் துளை போடச் சொன்னார்கள். சயாமாவை மேட்டுநிலத்துக்கு மாற்றவில்லை. நான் கடல் பக்கமே தங்கிப் போனேன், ஓய்வு பெறும் வரை. நீங்கள் இப்போது கரையோரம் இறக்குகிற பைப் எல்லாம் அந்தத் திட்டிலிருந்து கிளம்பி வந்ததுதான். இறக்குமுன் டிரம்மில் கொஞ்சம் வாசனை கலக்கச் சொல்கிறார்களே, ஏன் என்று கேட்டால் மேஸ்திரிக்குத் தெரியாது. அது காக்காவின் ரோஸ் சர்பத்.

பந்தயம் மட்டும் தீரவில்லை. அன்றைக்கே படகில் ஆரம்பித்தது. வந்தது யேஜோ இல்லை, ஆகவே காக்கா கொடுக்க வேண்டும் என்றார் ஊ போ. வந்தது யேஙான் இல்லை, ஆகவே போதான் கொடுக்க வேண்டும் என்றார் காக்கா. சயாமாவைக் கேட்டார்கள். மீட்டரில் பந்தயத்துக்குக் கோடு போடவில்லை என்று சொல்லித் தப்பித்துவிட்டார். சாட்சி என்று என்னைக் கேட்டார்கள். அந்த இரண்டு சொல்லையும் நான் தீர்ப்பாகச் சொன்னால் அது யாருக்குச் சாதகம் என்று எவருக்கும் விளங்காது. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

போன வாரம்கூட ஜெட்டி டீக்கடையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து அதே சண்டை. ஒருவர் ஜோ என்கிறார், ஒருவர் ஙான் என்கிறார். நடுவில் நான். தொகையில் மட்டும் இருவருக்கும் ஒரு தகராறும் இல்லை: இருநூறு சாட், இன்னும் பாக்கி.